நடுத்திட்டின் கேட் கீப்பர்

அந்த வருஷம் எனக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்த தம்பியை வாய்க்கால் பாலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். தோளில் கரும்புக் கட்டு, ஒரு கையில் பானை, இன்னொரு கையில் வாழைத்தார். பாலத்தின் குறுக்கே ஒரு மூங்கில். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர், "எந்த நாட்டுலேர்ந்து வரீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"லால்குடி" என்றிருக்கிறான் இவன்.

"வெளிநாடு. செத்த நில்லுங்க."

உள்ளே போய் ஒரு பூவன் பழம் எடுத்துவந்து நீட்டினாராம். "இதைத் தின்னுட்டு உள்ள போங்க. இதான் விசா."

"நானே ஒரு தார் தூக்கிட்டு வரேன், பார்த்தா தெரியலையாய்யா?"

"அது இறக்குமதி. இது விசா. ரெண்டும் வேற."

தம்பி வீட்டுக்குள் வந்து பானையைத் தொப்பென்று வைத்துவிட்டு, "என்னக்கா இது, பைத்தியக்காரன் ஊர்லயா வாக்கப்பட்டிருக்கே?" என்றான். "அவரு பைத்தியம் இல்லடா, எங்க அதிபர்" என்றேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவன் பழத்தைத் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தான். அவர் நின்ற நிற்பில் யாரும் தின்னாமல் வந்ததில்லை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. நடுத்திட்டில் இருந்த காலமெல்லாம் நான் அவரை "மாமா" என்றுதான் கூப்பிட்டேன். உறவு ஒன்றும் இல்லை, அடுத்த வீடு. மற்றவர்கள் "ரயில்வேக்காரர்" என்பார்கள். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ரோடும் தண்டவாளமும் குறுக்கிடும் இடத்தில் கேட்டை மூடுவதும் திறப்பதும், வண்டி வரும்போது கொடி காட்டுவதும்தான் வேலை. ஆள் ஒல்லி, காது பெரிசு. எந்நேரமும் எதையோ தூரத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு அப்படி நிற்கும்போது எனக்குக் கோபம் கோபமாக வரும். என் வாய் கொஞ்சம் நீளம். "இங்க எந்த ரயிலும் வராது மாமா, சொல்ல வந்ததைச் சொல்லுங்க" என்பேன். சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

நடுத்திட்டு பதினோரு வீடு. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, கொள்ளிடக்கரைப் படுகையில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. கிழக்கே பார்த்தால் ராஜகோபுரத்தின் மேல்நுனி மட்டும் தென்னைக்கு மேலே தெரியும். ஆகா, எப்பேர்ப்பட்ட இடம் என்று நினைத்துவிடாதீர்கள். கொசு, சேறு, கட்டுவிரியன், இருட்டு. ஒரு தெருவிளக்கு கிடையாது. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் என் மாமியார் வாய்க்காலில் கால் தவறி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அப்போதுதான் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு விளக்குக் கேட்டுப் போனோம்.

மேற்கே இருந்த பஞ்சாயத்தில், "வாய்க்காலோட எங்க எல்லை முடிஞ்சுபோச்சு, நீங்க கிழக்கே போய்க் கேளுங்க" என்றார்கள். கிழக்கே இருந்த ஆபீசில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "எங்க எல்லை தோப்போட சரி, நீங்க மேற்குல்ல?" என்றார்கள். வாய்க்காலுக்கும் தோப்புக்கும் நடுவில் நாங்கள் இருந்தோம். இரண்டு இடத்துக்கும் மாறி மாறி நடந்து எனக்குச் செருப்பு அறுந்ததுதான் மிச்சம். மரியாதையாகத்தான் பேசினார்கள், அதையும் சொல்லவேண்டும். ஒருவர் எனக்கு மோர்கூட வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்து புங்கமரத்தடியில் எல்லோரும் உம்மென்று உட்கார்ந்திருந்தபோது ரயில்வேக்காரர் சொன்னார்: "இவங்களும் நம்ம ஆள் இல்லேங்கறாங்க, அவங்களும் இல்லேங்கறாங்க. அப்ப நாம யாருக்கும் கீழ இல்ல. இதுக்குப் பேரு சுதந்திரம்தானே?"

விளையாட்டாகத்தான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். ஆனால் மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் பாலத்தில் மூங்கில் கிடக்கிறது. ஒரு பக்கம் கல்லைக் கட்டி, கயிற்றை இழுத்தால் மேலே தூக்கிக்கொள்கிற மாதிரி, ரயில்வே கேட்டேதான். பக்கத்தில் ஒரு கம்பம். கம்பத்தில் கொடி. வேலையில் இருந்தபோது பழசாகிப்போன பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் ஒன்றாகத் தைத்திருந்தார். பச்சை மேலே, சிவப்பு கீழே.

"இதுக்கு என்ன அர்த்தம் மாமா, போகலாமா, நிக்கணுமா?" என்று கேட்டேன்.

"வர்றவன் பார்த்து முடிவு பண்ணிக்கட்டும்" என்றார்.

அப்படி ஆரம்பித்தது நாடு. வரி கிடையாது, சட்டம் கிடையாது. பட்டாளம் என்று பார்த்தால் என் வீட்டு ஆடு ஒன்றுதான். விசாப் பழத்தின் தோலைத் தின்று தின்று அது கொழுத்துக் கிடந்தது. ஒரே ஒரு விதிதான் இருந்தது: நாட்டை ஆள் இல்லாமல் விடக்கூடாது.

கேட் கீப்பர் வேலையில் அதுதான் முதல் பாடமாம். நேரம் முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விட முடியாது. அடுத்த ஆள், ரிலீவர் என்பார்கள், அவர் நேரில் வரவேண்டும். வந்து, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, "எடுத்துக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதற்கப்புறம்தான் இவர் சட்டையை மாட்டலாம். தலையாட்டினால் செல்லாது. இதை நாட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பினால்கூட யாரையாவது தேடிப்பிடித்துப் பாலத்தில் நிறுத்துவார்.

"ஆள் எத்தனை?"

"நாப்பத்து சொச்சம் இருக்கும், விடுங்க மாமா."

"கேட்?"

"மூடியிருக்கு."

"எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன், எடுத்துக்கிட்டேன். போய்த் தொலைங்க, சலூனை மூடிடப்போறான்."

மற்றவர்கள் "சரி சரி" என்று சொல்லிவிட்டு அவர் தலை மறைந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது முடியாது. சொன்ன வாய்க்கு நிற்கவேண்டும் என்கிற ஒரு வீம்பு. ஒரு தடவை நான் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அங்கேயே நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் நனைந்து நின்ற என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து வேறு யாரையும் கூப்பிட்டதில்லை. எங்கே போவதாக இருந்தாலும் என் வாசலில் வந்து நிற்பார்.

விஷயம் வெளியே பரவி, கையில் செல்போனோடு இரண்டு பையன்கள் படம் எடுக்க வந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு சப்-இன்ஸ்பெக்டர் புல்லட்டில் வந்தார். இவர் நாற்காலியிலிருந்து எழுந்து, தலையைச் சாய்த்து, "எந்த நாட்டுலேர்ந்து வரீங்க?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்தியா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நல்ல நாடு. பெரிய நாடு" என்று சொல்லிப் பழத்தை நீட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டர் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உரித்துத் தின்றார். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். என் மாமியார் கட்டிலில் கிடந்ததையும் பார்த்தார். "ஏன் பெரியவரே, ஒரு லைட்டுக்கா இத்தனை?" என்று கேட்டார்.

"லைட்டுக்கு இல்லீங்க. நீங்க எங்க ஆளுதான்னு ஒருத்தர் வாயால சொல்லணும். அதுக்குத்தான்."

"நான் சொல்லிப் பார்க்கறேன்" என்று போனார். நல்ல மனுஷன், சொல்லியும் இருப்பார். விளக்கு வரவில்லை.

கோவிலில் சொர்க்கவாசல் திறக்கிற நாளில் ஊரே கிளம்பிப் போகும். இவர் போகமாட்டார். கோபுர நுனியைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஒரு வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க மாமா" என்றேன். "கூட்டத்துல மாட்டிக்கிட்டா நேரத்துக்குத் திரும்ப முடியாது. உன்னைக் காக்க வைக்கக் கூடாதும்மா. காக்க வைக்கிறது பாவம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் குரல் ஒரு மாதிரி இறங்கியது. நான் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

விருத்தாசலம் போகிற பாதையில் ஒரு காட்டு கேட்டில் அவர் வேலை பார்த்த காலம். செல்போன் கிடையாது. மனைவி காய்ச்சலில் திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மச்சான் சைக்கிளில் வந்து, "மாமா, உடனே கிளம்புங்க, உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா" என்று அழுதிருக்கிறான். ரிலீவர் வருகிற நேரம்தான். வரவில்லை. ரிலீவர் ஏறி வந்த பஸ் எங்கேயோ பழுதாகி நின்றுவிட்டது. இவர் நின்றார். வண்டி வந்தது, பச்சைக்கொடி காட்டினார். கேட்டைத் திறந்தார். இன்னொரு வண்டி வந்தது. மச்சான் கையைப் பிடித்து இழுத்தான். "ஆள் இல்லாத கேட்டுல ஒரு பஸ் நுழைஞ்சா அத்தனை பேரும் போயிடுவாங்கடா" என்று சொல்லிக் கையை உதறியிருக்கிறார். ரிலீவர் வந்து, எடுத்துக்கிட்டேன் என்று சொல்லி, இவர் போய்ச் சேர்ந்தபோது மனைவியை வெளியே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பக்கத்தில் பள்ளிக்கூட யூனிபார்மோடு மகள் உட்கார்ந்திருந்தாள்.

"அவ என்னை ஒண்ணும் கேக்கலம்மா. இன்னிவரைக்கும் கேக்கல. அதான் கஷ்டம்."

மகள் சென்னையில் இருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். நடுத்திட்டுப் பக்கம் அவள் ஒரு தடவைகூட வந்ததில்லை. மாதத்துக்கு ஒரு போன் வரும். இவர் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவார். "சாப்பிட்டேன்", "இருக்கேன்", "சரிம்மா". அவ்வளவுதான் பேச்சு.

ஒரு ஆடி கடைசியில் மேலே முக்கொம்பு அணையில் ஷட்டர்களைத் தூக்கிவிட்டார்கள். கொள்ளிடம் நிரம்பிப் படுகைக்குள் வந்தது. வாழையெல்லாம் படுத்துவிட்டது. எங்கள் ஓட்டு வீடுகளில் முழங்காலளவு தண்ணீர், அப்புறம் இடுப்பளவு. அரசாங்கத்துப் படகு வந்தது. யாரும் பழம் தின்னவில்லை, மூங்கிலுக்கு மேலேயே படகு ஏறி வந்துவிட்டது. மாமியாரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நாங்கள் ஏறினோம். இவர் மட்டும் தன் வீட்டு மொட்டைமாடியில் நின்றார். நாட்டில் அது ஒன்றுதான் தளம் போட்ட வீடு.

"இறங்கி வாங்க மாமா!" என்று கத்தினேன்.

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

"என்ன நாடு, பெரிய நாடு! பதினோரு வீடும் தண்ணியில கிடக்கு, எதைக் காக்கப் போறீங்க? உசுரு போயிட்டா யாரு பதில் சொல்றது?" எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. படகுக்காரர் வேறு அவசரப்படுத்தினார்.

அவர் மாடி விளிம்புக்கு வந்து குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இதை விட்டுட்டுப் போகலாம்னா, அன்னிக்கே போயிருக்கலாமேம்மா."

படகு திரும்பிவிட்டது. அவர் சின்னதாகிக்கொண்டே போனார், மாடியில் ஒரு குச்சி மாதிரி.

தண்ணீர் வடிந்தது, அவர் பிழைத்தார். ஆனால் நாடு பிழைக்கவில்லை. வீடு இழந்தவர்களுக்கு மேட்டுப்பாங்கான இடத்தில் பட்டா கொடுத்தார்கள். விலாசம், விளக்கு, குழாய் எல்லாம் உண்டு. ஒவ்வொரு வீடாகப் போனது. யாரைக் குறைசொல்ல முடியும்? என் வீட்டுக்காரருக்குத் திருவெறும்பூர் பக்கம் பெரிய ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. நாங்களும் கிளம்பினோம். சாமான் ஏற்றிய மினி லாரி பாலத்துக்கு வந்ததும் அவர் கயிற்றை இழுத்து மூங்கிலைத் தூக்கினார். ஆட்டை அவரிடமே விட்டேன்.

"இனிமே வந்தா எனக்கும் பழமா மாமா?" என்றேன், சிரிக்க வைக்க.

"உனக்கு எதுக்கு? நீ இந்த நாட்டு ஆளு" என்றார். சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் தனிதான். நேரம் கிடைக்கும்போது இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்ப்பேன். இடிந்த சுவர்களுக்கு நடுவே அவர் வீடு ஒன்று. புங்கமரம். கொடி வெளுத்து, பச்சை எது சிவப்பு எது என்று தெரியாமல் ஆகியிருந்தது. மூங்கிலைத் துடைத்து வைத்திருப்பார். தட்டில் விசாப் பழம் கறுத்துப்போய்க் கிடக்கும். யாரும் வருவதில்லை. நாலு வார்த்தை பேசினாலே அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். யாரோடும் பேசாமலே கிடந்த தொண்டை. கிளம்பும்போது, "என் கூட வந்துடுங்க மாமா, ஒரு ரூம் இருக்கு" என்பேன். தலையைச் சாய்த்துத் தூரத்தில் எதையோ கேட்பார். நான் பஸ் பிடிக்க ஓடுவேன்.

போன ஆவணியில் அவர் மகள் எனக்கு போன் செய்தாள். முதல் தடவையாகப் பேசுகிறாள். "அக்கா, அப்பாவுக்கு நெஞ்சு வலி. அடைப்பா இருக்கும், ஆபரேஷன்கூடப் பண்ணவேண்டி வரலாம்ங்கறாங்க. தில்லை நகர்ல ஆஸ்பத்திரியில சொல்லி வச்சிருக்கேன், கிளம்ப மாட்டேங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாராம்." குரலில் கோபமா, அழுகையா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. "நான் எதுக்கும் அவர்கிட்ட வாய் திறந்து கேட்டதே இல்ல அக்கா. இதை மட்டும்தான் கேக்கறேன்."

மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் டாக்ஸி நின்றது. மகள் மூங்கிலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவர் உள்ளே, நாற்காலியில், நெஞ்சில் கைவைத்துக்கொண்டு. அவள் கையில் உரிக்காத பழம் இருந்தது.

நான் மூங்கிலுக்கு அடியில் குனிந்து உள்ளே போய் அவர் முன்னால் நின்றேன். "ரிலீவர் வந்திருக்கேன் மாமா."

அவர் மெதுவாக எழுந்தார். முகம் மாறிவிட்டது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆள் எத்தனை?"

"ஒண்ணு."

"யாரு?"

"நான்தான் மாமா."

"கேட்?"

"மூடியிருக்கு."

"எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

"ரெண்டு மூணு நாள்தான். காக்க வைக்க மாட்டேன். நானே வந்து உன்கிட்டேர்ந்து வாங்கிக்கறேன்" என்றார். கயிற்றை நான் இழுத்தேன். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் போய், மகளைப் பார்த்து, "ஆள் வந்தாச்சும்மா. போலாம்" என்றார். அவள் அவர் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள். வண்டி திரும்பும்போது பார்த்தேன். அவள் அந்தப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று முழுக்க நான் அங்கே தனியாக இருந்தேன். அதற்குள் எனக்குத் தெரிந்துபோனது அவர் எப்படி இருந்திருப்பார் என்று. காற்றடித்தால் வாழைச் சருகும் தென்னை ஓலையும் சத்தம் போடும், யாரோ வருகிற மாதிரி இருக்கும், எழுந்து பார்த்தால் ஆடுதான். மறுநாள் மதியம் கொடியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள்.

"அப்பா போயிட்டாருக்கா. ஆபரேஷனுக்கு முன்னாடியே."

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன்.

"ராத்திரி முழுக்க என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. காலையில, 'அங்க ஆள் இருக்கா'ன்னு கேட்டாரு. இருக்காங்கப்பான்னு சொன்னேன். 'அப்ப நான் இங்கயே இருக்கலாம்'னாரு." அவள் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. இனிமே அங்க யாருக்காக?" என்றாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பைக்கில் வந்தார். அந்த நாட்டை ஒருநாளும் மதிக்காத மனுஷன், மூங்கிலுக்கு வெளியேயே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்து நின்றார். நான் ஆட்டை அவிழ்த்தேன், கதவைப் பூட்டினேன், கொடியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கேட்டை மூடினேன். "வா, இருட்டுது" என்றார். வந்துவிட்டேன்.

இங்கே எங்கள் வீட்டு வாசலிலேயே தெருவிளக்கு. விலாசம் சரியாக இருக்கிறது, கேஸ் சிலிண்டர் வீடு தேடி வருகிறது. பால்கனியில் நின்றால் ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறுவது தெரியும். ஒரு பக்கம் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி உள்ளே போவார்கள். இன்னொரு பக்கம் வேலை முடிந்தவர்கள் டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு சிரித்துப் பேசியபடி வெளியே வருவார்கள். தினமும் துணி காயப்போடும் சாக்கில் நின்று அதைப் பார்க்கிறேன். சில நாள் என்னையறியாமல் தலையைச் சாய்த்து நிற்கிறேனாம், என் பெண் சொல்லிச் சிரிக்கிறாள்.

நானே வந்து வாங்கிக்கறேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனீர்கள், மாமா? எடுத்துக்கிட்டேன் என்று என்னிடம் இன்னும் யாரும் வந்து சொல்லவில்லை.